துண்டு யார் கையில்?

ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். 1974-இல் எனக்கு ஒன்பது வயது. விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் அம்மாவின் படங்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடாவிட்டால் வெறுங்கூடையோடு லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆட்கள் அதிகம், வேலை கொஞ்சம். மரவள்ளிக்கிழங்குகூடக் கிடைக்காத பஞ்சம் அது.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மாமா குடும்பம் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறியது. பக்கத்துக் காம்பராக்கள் பூட்டிக் கிடந்தன. ஆள் குறைந்தால் கூலி ஏறும் என்பார்கள். எங்கள் மலையில் ஏறவில்லை. சம்பளம் கொழும்பில் தீர்மானமானது. எங்களுக்கோ தோட்டத்தை விட்டால் வேறு வாசல் இல்லை.

1977-க்குப் பிறகு அந்த வாசல் திறந்தது. பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட அரசு, 1985-இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தையும் அமைத்தது. என் தங்கை குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். அவள் பிள்ளைகளை வளர்த்தது அம்மா. அந்த வேலைக்கு எந்தச் செக்ரோல் பேரேட்டிலும் பேர் விழவில்லை.

இன்று அதே பெரட்டுக்களத்தில் புல் முளைத்திருக்கிறது. ஆளில்லை என்று நிர்வாகம் மலைகளைக் காடாக விட்டுவிட்டது. ஆள் இருக்கிறது ஐயா, கட்டுப்படியாகும் சம்பளம்தான் இல்லை! நாளுக்கு 1000 ரூபாய் என்று 2021-இல் வர்த்தமானி வந்தது. மறுவருடமே ரூபாய் சரிந்து அந்த ஆயிரத்தைத் தின்றுவிட்டது. அந்த 2022-இல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வேலைக்குப் போனார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாயை அனுப்பக்கூடாதென்ற விதியும் அந்த வருடம்தான் இரண்டு வயதுக்கு இறங்கியது. நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டது. 2023-இல் தேயிலை கொண்டுவந்தது 131 கோடி டொலர்; வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பியது ஏறத்தாழ 600 கோடி. கொழுந்து கிள்ளிய கைகளே இந்த இரண்டிலும் இருக்கின்றன என்பதை நான் மறக்க மாட்டேன்.

போன மாதம் தங்கையின் மகளைத் தேடி ஏஜென்சி ஆள் வந்தான். கையில் முற்பணம். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். மன்னாரில் இறங்கித் தம்புள்ளைக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த தன் பாட்டன் கதையை அவள் கேட்டு வளர்ந்தவள். அவரும் ஆள் சேர்த்த கங்காணியிடம் முற்பணம் வாங்கியவர்தான். கடன் தீரும்வரை துண்டு, அதாவது தோட்டம் மாறத் தேவையான விடுவிப்புச் சீட்டு, கங்காணி பெட்டியில் கிடந்தது. துண்டில்லாமல் வேறு தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள்.

"தம்பி, அங்க போனா பாஸ்போட்டு யாரு கையில இருக்கும்?"

"மேடம் வச்சிருப்பாங்க பாட்டி. அதான் பாதுகாப்பு."

அம்மா அந்தக் காசை எடுத்து அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள். பேத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.