பிறிஜ்ஜுக்கு ஒரு கூடு

கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் பழைய குசினியை இடித்துப் ‘பன்ரி’ கட்டுவதுதான் இப்போதைய திருப்பணி. பணமும் படமும் ரொறொன்ரோவிலிருந்து வருகின்றன. படத்தில் பிறிஜ்ஜைச் சுற்றி நூலிடைகூட இல்லாமல் அலுமாரி. ஓடாவியும் அப்படியே அடித்துவிடுகிறார்.

படத்தில் தெரியாத சங்கதி ஒன்றுண்டு. உள்ளேயிருந்து இழுத்த சூட்டைப் பிறிஜ் எங்காவது கக்கியாக வேண்டும். முன்பு அதன் முதுகில் கறுப்புக் கம்பிக்கூடு இருந்தது. இப்போது பலவற்றில் அந்தக் குழாய் பக்கத் தகட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. தொட்டால் சுடுவது அதனால்தான். மேலேயும் பின்னாலும் பக்கங்களிலும் இடைவெளி விடுங்கள் என்று கையேடு சொல்கிறது. கையேடு பரணில் கிடக்கிறது. சித்திரை வெயிலில், மூடிய கூட்டுக்குள் கொம்பிரசர் ஓயாமல் முனக, கரண்ட் பில் வந்ததும் திட்டு மீற்றருக்கு விழுகிறது.

கதவின் கதை வேறு. சுவரோடு ஒட்டியதால் அரைவாசிதான் திறக்கும். மரக்கறித் தட்டு வெளியே வராது.

“அண்ணை, இதை எப்பிடி எடுக்கிறது?”

“கதவைக் கழட்டினால் வரும் தங்கச்சி.”

1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து அறுந்தபோது இந்தச் சிக்கல் இருக்கவில்லை. கரண்ட் இல்லாத பிறிஜ் அலுமாரிதானே; கறையானும் ஏறாது. அலுமாரிக்கே அலுமாரி அடிக்கும் யோசனை சமாதான காலத்துக்குரியது.

சமையல் மட்டும் இன்னும் பின்வளவு விறகடுப்பில்தான். பன்ரிக்குள் மீன் பொரித்தால் மணக்குமாம்.