சோபாவில் படுக்கச் சொல்வாரா?

கே: முதல்முறையாக உளவியலாளரிடம் போகப்போகிறேன். சினிமாவில் வருவதுபோல் சோபாவில் படுக்கச் சொல்வாரா?
(பெயர் வேண்டாம், திருச்சி)

ப: நாற்காலிதான். சோபா, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டின் வியன்னா வழக்கம். அதுவும் ஒரு நோயாளி அன்பளிப்பாகக் கொடுத்தது. தினமும் எட்டு மணி நேரம் பிறர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்க முடியவில்லை, நோயாளியின் தலைமாட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஃப்ராய்டே எழுதியிருக்கிறார். அந்த சோபா இப்போது லண்டனில், அவர் கடைசியாக வாழ்ந்த வீட்டில் காட்சிக்கு இருக்கிறது. (பல் டாக்டரைப் பற்றிக் கேட்பவர்கள் யாரும் பெயரை மறைப்பதில்லை, கவனித்தீர்களா?)

கே: முதல் நாள் என்னதான் கேட்பார்கள்?
(கல்லூரி மாணவி, கோவை)

ப: தூக்கம், பசி, படிப்பு, வீட்டில் யார் யார், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள், குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநலச் சிகிச்சை நடந்ததா... இப்படிப் போகும். நடுவில், “செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா?” என்று நேராகவே கேட்கலாம். ‘என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது?’ என்று பதற வேண்டாம். பொதுவாக எல்லோரிடமும் கேட்பதுதான். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மறைக்காமல் சொல்லுங்கள்.

முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதில் முக்கால்வாசி நேரம் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு, எழுந்து கதவுப்பக்கம் போகும்போது நிஜமான விஷயத்தைச் சொல்கிறவர்கள் உண்டு. அனுபவசாலிகளுக்கு இது பழக்கம். அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்குவார்கள்.

கே: நான் பேசியதை என் மாமியார் போன் போட்டுக் கேட்டால்?
(இல்லத்தரசி, மதுரை)

ப: சொல்லக்கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே ரகசியம் காக்கச் சொல்கிறது. விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் சொல்லலாம், நீதிமன்றம் கேட்டால் சொல்ல வேண்டிவரும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி சொல்லியே ஆகவேண்டும். இதையெல்லாம் முதல் நாளே அவர் விளக்க வேண்டும், விளக்காவிட்டால் கேளுங்கள். பட்டியலில் மாமியார் இல்லை.

கே: கட்டணமும் வாங்கிக்கொண்டு, அறிவுரைகூடச் சொல்லமாட்டார்களாமே!
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: அறிவுரைதான் வேண்டுமென்றால் உங்கள் பெரியப்பா போதும், காபியும் தருவார். எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது வந்தவருக்கே தெரியும் என்றார் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். ‘இதில் உனக்கென்ன தெரியும்?’ என்றே கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

1960களில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் இன்னொரு வழி பிடித்தார். உதாரணமாக, மேனேஜர் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த நொடி ‘வேலை போச்சு’ என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அந்த ஒரு நொடி எண்ணத்தைப் பிடித்து, நோட்டில் எழுதி, அதற்கு ஆதரவாக என்ன சாட்சி, எதிராக என்ன சாட்சி என்று நீங்களே விசாரிக்க வேண்டும். ஆமாம், வீட்டுப்பாடம் உண்டு. ஆசிரியராக இருந்தவர் நீங்கள், செய்யாமல் போய் ‘நோட்டை மறந்துவிட்டேன்’ என்று சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கே: மாத்திரை கொடுத்து மயக்கிவிடுவார்களோ?
(டிரைவர், சேலம்)

ப: உளவியலாளர் மாத்திரை எழுத முடியாது. அது எம்.பி.பி.எஸ். முடித்து மனநலம் படித்த டாக்டரின் வேலை. தேவைப்பட்டால் அவரிடம் அனுப்புவார். மருத்துவ உளவியலாளர் என்று பலகை இருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.

கே: எத்தனை வாரம் போகவேண்டும்?
(ஐ.டி. ஊழியர், சென்னை)

ப: பெக் வழியில் பொதுவாக 6 முதல் 20 தடவை. ஒரே நாளில் குணம் என்று விளம்பரம் வந்தால் பக்கத்தைத் திருப்புங்கள்.

கே: நள்ளிரவில் மனம் தாங்கவில்லை என்றால்?
(வாசகர், நாகர்கோவில்)

ப: 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும். தமிழில் பேசலாம்.

கே: உண்மையில் போகவேண்டியவர் என் கணவர்தான். எப்படி அனுப்புவது?
(வாசகி, ஈரோடு)

ப: நீங்கள் போங்கள். ‘அங்கே என்னைப் பற்றி என்ன சொன்னே?’ என்று ஆரம்பிப்பார். ‘அது ரகசியம்’ என்று சொல்லிவிட்டுச் சமையலைக் கவனியுங்கள்.