ரெய்னாவுக்கு ரப்பர் பேண்டு போடாத கண்ணு

ஏங்கண்ணு, சூப்பர் கிங்ஸ்ல முன்ன ஆடுனவிங்க அட்டையெல்லாம் சேக்கறயாமா? நல்ல சோலிதான். பரிச்சைக்குப் படிக்கற பயலுக ஊர் பூரா இருக்கறானுக. பத்ரிநாத்து எந்த வருசம் எத்தன ரன்னுன்னு படிக்கறதுக்கும் ஒருத்தன் வேணுமில்ல.

கொண்டா பாக்கலாம். இவன் ஹேடனு. 2009-ல 572 ரன்னு அடிச்சு ஆரஞ்சுத் தொப்பி வாங்குனவன். இவன் பாலாஜி. 2008 மே 10, சேப்பாக்கத்துல, ஐபிஎல்லுலயே மொத ஹாட்ரிக்கு. அட, இது டாப்ஸ் கம்பெனி விட்ட கிரிக்கெட் அட்டாக்ஸ் ரெய்னாவா? சின்னத் தலன்னு தூக்கிட்டுத் திரிஞ்சீங்க. 2022 ஏலத்துல அவன் பேரச் சொன்னப்ப ஒருத்தனும் கையத் தூக்கல. அது பத்தாதுன்னு நீ வேற கழுத்துல ரப்பர் பேண்டப் போட்டு இறுக்கி வெச்சிருக்கற. ஓரம் ரெண்டும் நசுங்கிக் கெடக்குது பாரு. வெவரம் தெரிஞ்சவன் மூஞ்சியப் பாக்கமாட்டான், நாலு மூலையத்தான் பாப்பான்.

ஆமா, நம்ம சின்னப்பம்பட்டி நடராசன் எங்க? ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரே பயணத்துல மூணு வகை ஆட்டத்துலயும் இந்தியாவுக்கு எறங்குனவன். மஞ்சச் சட்டை போடலீன்னா உன்ற பொட்டியில எடமில்லயாக்கும்? கட்சிக்காரன் தேவல போ.

உன்ற அப்பனும் இப்படித்தான். பிக் ஃபன் பபிள்கம் வாங்கி, கம்ம தங்கச்சி வாயில போட்டுட்டு, படத்த மட்டும் செருப்பு டப்பாவுல அடுக்குவான். ஒரு போகிக்கு உங்க அப்பத்தா கபில்தேவு மொதக்கொண்டு அத்தன பேரையும் தீயில போட்டுட்டா.

அதுக்கு வெசனப்படாத. நாலு பேரு தூக்கிப்போட்டாத்தான் அஞ்சாவது ஆளுக்கு வெல. அமெரிக்காவுல அதே டாப்ஸ் கம்பெனி 1952-ல அடிச்ச பேஸ்பால் அட்டை விக்காமத் தேங்கிப்போயி, பின்னால கம்பெனிக்காரனே கடல்ல கொண்டு போய்க் கொட்டுனான். அப்ப தப்பிச்ச மிக்கி மேன்டில் அட்டை ஒன்னு, மூலை மழுங்காம இருந்தது, 2022-ல 126 லட்சம் டாலருக்குப் போச்சு. நம்ம காசுல 100 கோடி. பழசுக்கு வெல ஏறுனதப் பாத்துட்டு 1980, 90-கள்ல அங்க வீட்டுக்கு வீடு பொட்டி பொட்டியா வாங்கி, உறை கூடப் பிரிக்காமப் பூட்டி வெச்சானுக. கம்பெனிகளும் அடிச்சுத் தள்ளுச்சு. அந்த அட்டைகள்ல முக்கால்வாசிய இன்னைக்கு ஏன்னு கேக்க ஆளில்ல. எல்லாப் பண்ணையிலயும் ஒன்னா முட்டை தேங்குனா வெல என்னாகும்னு நாமக்கல்லுல பொறந்தவனுக்கு நாஞ் சொல்லணுமா?

அதனால யோசனை ஒன்னு சொல்றன், காதக் குடு. அம்மா பீரோவ ஒழிக்க வந்தா, 100 கோடி கதையச் சொல்லு. நம்பமாட்டா, ஆனா குப்பையில போடவும் கை வராது. சிநேகிதக்காரனுககிட்ட, "இதெல்லாம் வெறும் காயிதம்டா, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுருங்கடா"ன்னு அக்கறையா எடுத்துச் சொல்லு. நீ மட்டும் அலுங்காம வெச்சுக்க. இதே அக்கறையோட உனக்கு எவனாச்சும் புத்தி சொல்ல வந்தா, மொதல்ல அவன் பொட்டியத் தொறந்து காட்டச் சொல்லு.