இரு, இப்ப வரும் பாரு

அந்த இடம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் பாட்டை நிறுத்திவிடுவார். எதற்கு? வரப்போவதைப் பற்றி நமக்குச் சொல்ல. சொல்லி முடித்ததும், சூடு ஆறிப்போச்சு என்று கால் நிமிடம் பின்னால் இழுத்து மறுபடி போடுவார். மறுபடியும் விரலைத் தூக்கி, "இரு, இப்ப வரும் பாரு."

நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. சென்னையில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, அப்பாவின் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போடிக்குத் திரும்பிய, பழைய ஜீப் ஒன்று வைத்திருக்கிற, எனக்கு அத்தை மகன் முறையாகிற யாராவது இதைப் படித்துவிட்டு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டால், அது தற்செயல்.

பச்சைக் காய் அஞ்சு கிலோவை உலர்த்துகிற ஸ்டோரில் வாட்டி எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ ஏலக்காய் தேறும். இது மலையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இவர் கையில் பாட்டு சிக்கினால் கணக்கு தலைகீழ். ரேடியோஹெட்டின் 'க்ரீப்' நாலு நிமிடப் பாட்டு. இவர் போட்டுக் காட்டினால் இருபது நிமிடம்.

அதில் பல்லவி வெடிப்பதற்குச் சற்று முன்னால் கித்தார் இரண்டு தடவை உறுமும். அதுதான் 'அந்த இடம்'. பாட்டு இப்படி மெதுவாகப் போகிறதே என்று எரிச்சலாகி, கித்தார் வாசித்த ஜானி கிரீன்வுட் தந்தியை ஓங்கி அறைந்தாராம். கெடுக்கப் பார்த்ததே பாட்டுக்கு உயிராகிவிட்டதாம். நல்ல கதைதான், முதல் தடவை நானும் வாயைப் பிளந்தேன். நாற்பதாவது தடவை கேட்கும்போது, கிரீன்வுட்டின் எரிச்சல் எனக்கு முழுசாகப் புரிந்தது.

கதையோடு விட்டாலும் பரவாயில்லை. கித்தார் எப்படி உறுமும் என்பதையும் கித்தாருக்கு முந்தி அவரே செய்து காட்டிவிடுவார். "கர்ருக்… கர்ருக்!" டீ குடிக்கும் நேரமாக இருந்தால் எதிரில் உட்காரக் கூடாது. அப்புறம் நிஜக் கித்தார் வரும்போது, அத்தை மகன் வாயில் வந்த அளவுக்கு இல்லையே என்றுதான் தோன்றும்.

இனிமேல் 'அவர்' வேண்டாம். என்னைவிட மூன்று மாதம் இளையவன்.

பாட்டு ஓடும்போது அவன் பாட்டைக் கேட்பதில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். கசப்பு மருந்து கொடுத்துவிட்டுப் பிள்ளை விழுங்கிவிட்டதா என்று பார்க்கிற தாயாரின் பார்வை அது. புருவத்தைத் தூக்கினால் போதாது. தலையை ஆட்டினால், "நீ இன்னும் கேக்கல" என்பான். கண்ணை மூடினால் தூங்குவதாகச் சந்தேகம்.

டீக்கடையையும் விடமாட்டான். நிர்வாணா பாட்டுக்கு 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' என்று பேர் வந்த கதையை மாஸ்டருக்கு ஒருநாள் சொன்னான். கேத்லீன் ஹன்னா என்ற பாடகி சுவரில் கிறுக்கிய வாசகம்; ஏதோ புரட்சிச் சொல் என்று நினைத்துக் கர்ட் கோபேன் அதையே தலைப்பாக்கினார்; டீன் ஸ்பிரிட் என்பது கடையில் விற்கிற டியோடரண்ட் என்று அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஊரே ஏலக்காய் வாசம் அடிக்கிற இடத்தில் நின்று மாஸ்டர் கேட்டார்: "அப்ப இது சென்ட்டப் பத்துன பாட்டாண்ணே?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தான். நான் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்தை இம்புட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் பாட்டு என்ன வேண்டிக்கிடக்கு என்று பெரியவர்கள் கேட்டால் கோபப்படமாட்டான். அதற்காகவே காத்திருப்பான். 1991 செப்டம்பர் 24இல் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம், நவம்பர் 5 தீபாவளிக்குத் 'தளபதி', நடுவில் 42 நாள்தான் என்பான். இளையராஜா 'ஸ்ரீ ராகவேந்திரா' படத்துக்குப் போட்ட மெட்டை 2003இல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு எடுத்துப் போட்டுக்கொண்டதைச் சொல்வான். பெரியவர் 'நம்ம ராசா' என்று நெஞ்சை நிமிர்த்தும் நேரம் பார்த்து, பைக்குள்ளிருந்து இயர்போன் வெளியே வரும்.

ஒன்றை விளையாட்டில்லாமல் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்தில் ஒருநாள்கூட, உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று அவன் கேட்டதில்லை. எனக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. ஆர்.ஈ.எம்.மின் 'லூசிங் மை ரிலிஜன்'. அந்த மாண்டலினுக்காகவே ராத்திரி தனியாக உட்கார்ந்து கேட்பேன். அவன் சொல்லித் தெரிந்ததில்லை, நானாகக் கண்டுபிடித்தது. ஒருமுறை தைரியம் வந்து அவனுக்குப் போட்டுக் காட்டினேன். மாண்டலின் ஒரு சுற்று வருவதற்குள் என் போனை வாங்கி நிறுத்திவிட்டான். "ரிலிஜன்னதும் மதம்னு நெனச்சுக்காத மச்சான். அமெரிக்காவுல தெக்குப் பக்கம், பொறுமை போயிருச்சுங்கிறத அப்பிடிச் சொல்லுவாய்ங்க." பொறுமை போவது என்றால் என்னவென்று அந்த நிமிடம் எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

அவன் எப்போதுமே இப்படி இருந்தவன் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கேசட் காலத்தில் போடியில் எந்தக் கடையிலும் இந்தப் பாட்டெல்லாம் கிடைக்காது. ஹாஸ்டல் நண்பன் ஒருவனிடம் கெஞ்சி, அத்தையின் ஐயப்பன் பாட்டுக் கேசட்டில் ஒரு பக்கத்தை அழித்து 'நெவர்மைண்ட்' பதிந்துகொண்டு வந்தான். நிறுத்தி நிறுத்திப் பின்னால் சுற்றினால் நாடா சிக்கிவிடும் என்று பயம். அதனால் பாட்டு முழுசாக ஓடும். சுவரைப் பார்த்துக்கொண்டு, வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பான். கடைசிப் பாட்டு முடிந்ததும் அழியாமல் மிச்சமிருந்த சரண கோஷம் கொஞ்சம் கேட்கும், அதற்கும் அசையமாட்டான். அத்தைதான் அடுப்படியிலிருந்து கேட்பாள்: "அவன் ஏன்டா இந்தக் கத்துக் கத்துறான், யாரு அடிச்சா?" அந்தக் கேசட்டை நினைத்துத்தான் இன்றைக்கும் அவன் கூப்பிட்டால் ஜீப்பில் ஏறுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அடிவாரத்து முந்தல் தாண்டினால் போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. வளைவில் ஒரு கை ஸ்டியரிங்குக்கு, ஒரு கை கியருக்கு. போனைத் தொட மூன்றாவது கை கிடையாது. மற்றவர்களுக்கு வளைவில் வாந்தி வரும், எனக்கு நேர்ரோட்டில்தான் குமட்டும். நேர்ரோடு வந்ததும் நிறுத்தி விளக்குவான். வளைவு வந்ததும் பாட்டு கொஞ்சம் ஓடும்.

போன மாதம் சாயங்காலம் ஏறிக்கொண்டிருந்தோம். தோட்ட வேலை முடிந்து பெண்கள் ஜீப் ஜீப்பாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜீப்பில் இளையராஜா முழுச் சத்தத்தில். இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. எனக்கு அந்த ஜீப்பில் ஏறிக்கொள்ளலாம் போல இருந்தது.

எங்கள் ஜீப்பில் 'க்ரீப்'. அந்த இடம் நெருங்கியது. விரல் போனை நோக்கிப் போனது. அதே நேரம் வளைவும் வந்துவிட்டது. அவன் கை பதறிக் கியருக்குத் திரும்பியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கர்ருக். கர்ருக்.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "மாப்ள, இன்னைக்குத்தான்டா கேட்டேன்! என்னா உறுமல்டா!"

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது கியரு மச்சான். பாட்டுல இனிமேத்தான். இரு, இப்ப வரும் பாரு."