வெள்ளிக்கிழமை வயிற்று வலி

1984-ல் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் முஸ்லிம் பையன்கள் ஆறு பேர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போனவர்கள் பதினோரு பேர்.

நெற்றி நிறையத் திருநீறு பூசிய தலைமையாசிரியர் செய்த ஏற்பாடு அது. எழுத்தில் ஒன்றும் கிடையாது. வெள்ளி மதியம் முதல் பீரியடை எங்கள் வகுப்புக்கு விளையாட்டு என்று போட்டுவிட்டார், அவ்வளவுதான். மைதானத்தில் யாரைக் காணோம் என்று யார் எண்ணப் போகிறார்கள்? மீதி ஐந்து பேரும் கைக்குட்டையின் நாலு மூலையிலும் முடிச்சுப் போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்துவிடுவார்கள். அதில் ஒருவன், பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஹவுளில் காலை முதலில் அலம்பிவிட்டு, அதே ஜோரில் வாயைக் கொப்பளித்தான். பாங்கு சொல்லும் மோதினார் பார்த்துவிட்டார். விரட்டவில்லை. "தம்பி, கால் கடைசியில" என்றார். நோன்பு மாதத்தில் அதே ஐந்து பேர் கஞ்சி வரிசையில் தூக்குவாளியோடு எங்களுக்கு முன்னால் நிற்பார்கள்.

மறு வருஷம் தலைமையாசிரியர் மாறினார். புதியவர் கேட்டது ஒரே கேள்வி: "இது எந்த ஜி.ஓ.வுல இருக்கு?" நியாயமான கேள்விதான். எந்த அரசாணையிலும் இல்லை. அன்றிலிருந்து எனக்கு வாராவாரம் வயிற்று வலி வந்தது. விடுப்புக் கடிதங்களைப் படித்துச் சலித்த வகுப்பாசிரியர், "வெள்ளிக்கிழமை பார்த்து வர்ற வலிக்கு ஒரு நல்ல டாக்டரைப் பாரு தம்பி" என்றார், சிரிக்காமல்.

பெருநாளும் அப்படித்தான். 1880-ஆம் வருஷச் சட்டப்படி அரசாங்கமே நியமிக்கிற காஜி, பிறை தெரிந்தது என்று ராத்திரிதான் சொல்வார். காலண்டர் அச்சடிப்பவர் அதுவரை காத்திருக்க முடியுமா? லீவு அச்சடித்த தேதியில்தான். ஒரு பெருநாள் காலையில் புதுச்சட்டையும் அத்தர் வாசனையுமாகக் கணக்கு டெஸ்ட் எழுதினேன். பக்கத்துப் பெஞ்சுக்காரன் தும்மிக்கொண்டே இருந்தான்.

இப்போது நிலைமை வேறு. 2024 ரம்ஜானுக்காக, ஏப்ரல் 10, 12 தேதிகளில் இருந்த பள்ளித் தேர்வுகளை அரசாங்கமே 22, 23-க்குத் தள்ளிவைத்தது. நான் நெகிழ்ந்துபோய்த் தம்பி மகளிடம் சொன்னேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அன்னைக்கே எழுதித் தொலைச்சிருந்தா லீவு விட்டிருப்பாங்க, பெரியத்தா!"

நான் அரசு அலுவலகத்தில் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் கருவி வைத்திருக்கிறார்கள். தொப்பி போட்டிருந்தால் அதற்கு என்னை அடையாளம் தெரிவதில்லை. கழற்றிக் காட்ட வேண்டும். மாதத்துக்கு இத்தனை பெர்மிஷன் என்று கணக்கு உண்டு. வெள்ளிக்கிழமைகளோ நாலு, சில மாதம் ஐந்து. கணக்குத் தீர்ந்த பின் வரும் வெள்ளிக்குப் பழைய வயிற்று வலியைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. நல்லவேளை, பக்கத்து சீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போடுகிறவர். கார்த்திகையில் அவர் ஃபைலை நான் பார்ப்பேன், வெள்ளியில் என் ஃபைலை அவர் பார்ப்பார். இதற்கும் ஜி.ஓ. கிடையாது.

ஜி.ஓ. உள்ள விஷயமும் ஒன்று உண்டு. 2001-லிருந்து நோன்புக் கஞ்சிக்கு அரசாங்கம் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுக்கிறது. ஒரு வருஷம் அந்த மனுக்கள் என் மேஜைக்கு வந்தன. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் செயலாளரும் வந்தார். மனுவில் நானூறு பேர் என்று எழுதியிருந்தது. எங்கள் ஜமாத்தை எனக்குத் தெரியாதா? பேனாவை மூடிவைத்தேன்.

"நானூறு பேருமா நோன்பு?"

"நோன்புக்காரங்களை யாரு சார் எண்ணினா? கஞ்சிக்கு வர்றவங்க."

மைதானத்தில் இல்லாத பதினோரு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். நானூறுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, குறிப்பெழுதி மேலே அனுப்பினேன்.