சாவா மூவா வலைத்தளம்

சேரன்மகாதேவிக்கு முதல் வலைத்தளம் எப்போது வந்தது என்று கேட்டால் கம்ப்யூட்டர் படித்தவர்கள் 1990களின் கடைசியைக் காட்டுவார்கள். அது தவறு. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. சர்வர் கருங்கல், கரண்ட் போனாலும் ஓடும். தாமிரபரணியில் வெள்ளம் வந்தால்கூட பாசி பிடிக்குமே தவிர அழியாது.

அப்போது இந்த ஊரின் முகவரி ‘முள்ளிநாட்டு நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம்’. இதை இன்று ஆங்கில எழுத்தில் டொமைன் பெயராகப் பதிவு செய்யலாமா? செய்யலாம். இரண்டு புள்ளிக்கு நடுவே 63 எழுத்துவரை இணையம் அனுமதிக்கிறது, நாயன்மார்களை எண்ணிப் பார்த்து வைத்ததுபோல. ஆனால் அத்தனையையும் அடித்து முடிப்பதற்குள் வாடிக்கையாளர் அம்பாசமுத்திரம் பஸ் ஏறிவிடுவார்.

அந்தக் காலத்துக் கோயில் சுவரின் கல்வெட்டை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இன்றைய வலைத்தளத்தில் உள்ள சகல உபத்திரவமும் அங்கே உண்டு. விஷயம் என்னவோ ‘இன்னார் விளக்கெரிக்க ஆடு கொடுத்தார்’ என்பதுதான். அதைச் சொல்வதற்கு முன் மன்னர் எந்தெந்த நாட்டைப் பிடித்தார் என்று மெய்க்கீர்த்தி ஓடும். ஆவணத்துக்கு ஆவணம் ஒரே மெய்க்கீர்த்தியை ஒட்டும் பழக்கத்தை நிலைநாட்டியவர் முதலாம் ராஜராஜன். ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தைக் கண்டுபிடித்த பெருமை அவருக்கே சேரும். அதைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தான் வைக்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

பாதுகாப்புச் சான்றிதழுக்கு ‘பன்மாகேசுவரர் ரட்சை’, அதாவது சிவனடியார் எல்லோரின் காவல். நிபந்தனைகள் கடைசி வரியில் வரும்: இந்தத் தர்மத்தைக் கெடுத்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். இன்றைய நிறுவனங்கள் நாற்பது பக்கம் எழுதியும் அந்த மிரட்டலின் பக்கத்தில்கூட வர முடியவில்லை.

எல்லாவற்றையும்விடச் சிறப்பு, ஹோஸ்டிங் ஏற்பாடு. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குச் சோழர் காலத்து வழக்கமான கணக்கு 96 ஆடு. அவற்றுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு கிழடாகும், சாகும், குட்டி போடும். அது மேய்ப்பவர் பாடு. கணக்கில் 96 குறையக் கூடாது, தினமும் உழக்கு நெய் வந்து சேர வேண்டும். ஒரே தடவை கட்டணம், சந்திரசூரியர் உள்ளவரை சேவை. இன்று முதல் வருஷம் தேங்காய் விலை சொல்லி இழுத்து, இரண்டாம் வருஷம் தென்னந்தோப்பு விலை கேட்கிறார்களே, அவர்களை அந்தக் கல்லின் முன் நிறுத்த வேண்டும்.

இதற்கிடையில் ஒரு விபத்தும் நடந்தது. சோழர்கள் பாண்டிநாட்டைப் பிடித்தபின் இங்கே புழங்கிய வட்டெழுத்து மெல்ல மெல்ல ஒழிந்து தமிழெழுத்து வந்தது. ஃபாண்ட் மாறினால் பழைய பக்கத்தைப் படிக்க ஆள் கிடைக்காது என்ற பாடத்தை இந்தப் பள்ளத்தாக்கு அன்றே கற்றது. கற்றதும் மறந்தது.

பிறகு நெடுங்காலம் கல்லை விட்டுக் காகிதத்துக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் போனோம். 1925 வாக்கில் இங்கே வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் சாதி பார்த்துப் போட்ட தனிப்பந்தியால் வந்த சண்டை, மாகாணம் முழுக்கச் சேரன்மகாதேவியின் பெயரைக் கொண்டுபோனது. யாரும் எதையும் பகிராமலே வைரலான ஊர் இது. ஆனால் அதனால் எந்தக் கடைக்கும் வியாபாரம் கூடியதாகத் தகவல் இல்லை.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதே வருஷம் அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் எழுத்து வலையில் ஏறியது. இரண்டும் சேர்ந்து தாமிரபரணிக் கரைக்கு வந்தபோது ‘ப்ரௌசிங் சென்டர்’ என்று பெயர் மாறியிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு தம்பி, பாத்திரக்கடை அண்ணாச்சியைப் பிடித்தான். (இந்த அண்ணாச்சி எந்த ஒருவரும் அல்லர், எல்லா ஊரிலும் இருப்பவர்.)

“அண்ணாச்சி, வெப்சைட் போட்டா உலகமே பாக்கும்.”

“உலகம் எதுக்குடே பாக்கணும்? வீரவநல்லூர்க்காரன் பாத்தா போதாதா?”

சிறு வியாபார வலைத்தளம் பற்றி அதற்குப் பின் எழுதப்பட்ட தடித்த புத்தகங்கள் பலவும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வந்தன. ஆனால் அன்று தம்பி ஜெயித்தான். தளம் எழுந்தது. மேலே ஓடும் வரி, பக்கத்தில் சுழலும் பிள்ளையார், கீழே மண்வெட்டியோடு ‘பணி நடைபெறுகிறது’ பொம்மை. அந்தப் பணி கடைசிவரை நடைபெற்றது. ‘நீங்கள் 147ஆவது பார்வையாளர்’ என்றது எண்ணிக்கைப் பெட்டி. அதில் 140 தடவை பார்த்தது அண்ணாச்சி.

தமிழில் எழுதியிருந்தார்கள். ஆனால் டாம், டாப், டிஸ்கி, பாமினி என்று ஆளுக்கொரு ஃபாண்ட். அது இல்லாத கம்ப்யூட்டரில் ‘எவர்சில்வர் குடம்’ என்பது கெட்ட வார்த்தையை மறைக்கப் போடும் குறிகளாகத் தெரிந்தது. வட்டெழுத்து மறுபடி செத்தது. யூனிகோடு வந்து ஊன்றும்வரை, தமிழ்க் கடைகளின் களப்பிரர் காலம் இது. ஒரே வித்தியாசம், ஆவணம் நிறைய, படிக்கத்தான் முடியாது.

அடுத்து ஃப்ளாஷ் வம்சம். குடம் பறந்து வரும், கரண்டி சுழலும், நாதஸ்வரம் ஒலிக்கும், மெய்க்கீர்த்தி முழுசாகத் திரும்பியது. விலை மட்டும் எங்கும் இருக்காது. அடோபி 2020 டிசம்பர் 31 அன்று ஃப்ளாஷுக்குக் கொள்ளி வைத்தது. அதற்கு முன்பே கதை முடிந்திருந்தது. தளத்தைச் செய்து கொடுத்த அக்கா மகன் பாஸ்வேர்டோடு துபாய் போய்விட்டான். செப்பேடு பூமிக்கடியில் போனால்கூட உழும்போது கிடைக்கும்.

இந்த அமர்க்களத்தில் கலந்துகொள்ளாத ஒரு கடை திருநெல்வேலியில் இருந்தது. நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை. பெயர்ப்பலகை இல்லை. சாயங்காலம் திறக்கும், சில மணி நேரத்தில் அல்வா தீரும், மூடும். இதைக் காட்டி, “நமக்கெதுக்கு வெப்சைட்?” என்று சொல்லாத அண்ணாச்சி இல்லை. நியாயம்தான். ஆனால் அதற்கு முதலில் அந்த அல்வா வேண்டும். தவிர, போர்டு இல்லாத கடையின் பெயரைச் சாயலாகக் கொண்ட போர்டுகள் ஊரெங்கும் முளைத்தன. நம் பெயரை நாம் எழுதி வைக்காவிட்டால் அடுத்தவர் பெரிய எழுத்தில் எழுதி வைப்பார்.

2015 ஏப்ரலில் கூகுள், கைபேசியில் சரியாகத் தெரியாத தளங்களைக் கைபேசித் தேடலில் பின்னால் தள்ளியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ஊரே கைபேசிக்குள் குடியேறியது. 2018இல் வாட்ஸப் பிசினஸ். அடுத்த ஊரான பத்தமடையின் பாய்க்கு இது அளவெடுத்துச் செய்ததுபோல் அமைந்தது. எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனதாக ஊரில் சொல்வார்கள். ராணி எந்தத் தளத்திலும் ஆர்டர் போடவில்லை. இன்றைக்குக் கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரைக் கோரையிலேயே நெய்து தருகிறார்கள். பெயரை வாட்ஸப்பில் அனுப்பினால் போதும். எழுத்துப்பிழை இருந்தால் பாயிலும் இருக்கும். திருத்தும் பொத்தான் கிடையாது.

“இனி தளமே வேண்டாம், கூகுளே இலவசமாக ஒரு பக்கம் தருகிறதே” என்று பலர் அங்கே குடியேறினார்கள். கூகுள் தந்ததும் உண்மை. 2024 மார்ச்சில் அந்தப் பக்கங்களை மொத்தமாக மூடியதும் உண்மை. கொஞ்ச நாள் வந்தவர்களைக் கடையின் கூகுள் விவரப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, ஜூனில் அதையும் நிறுத்தியது. ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடத்தில் மனைபோட்டவர்களை யாகூ 2009இல் காலி செய்ததும் இதே கதைதான். எந்தக் கம்பெனியும் காராம்பசுப் பாவத்துக்குப் பயந்ததாகத் தெரியவில்லை. சொந்தத் தளத்துக்கு வழி பக்கத்திலேயே உண்டு: தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011 முதல் அலுவலகம் நடத்துகிறது; உலகத்துச் சிறு கடைகளுக்குத் தளம் கட்டும் மென்பொருளும் விற்கிறது. நம் அண்ணாச்சியோ இன்னும் துபாய்க்குப் போன அக்கா மகனுக்குத்தான் மிஸ்டுகால் கொடுக்கிறார்.

இப்போது செயற்கை நுண்ணறிவு யுகம். வாடிக்கையாளர் தளத்துக்கே வருவதில்லை. “சேரன்மகாதேவியில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் பாத்திரக்கடை எது?” என்று இயந்திரத்தைக் கேட்கிறார். அது பத்துத் தளத்தை மேய்ந்துவிட்டுப் பதில் சொல்கிறது. அதற்குச் சுழலும் பிள்ளையார் கண்ணில் படாது, நாதஸ்வரம் காதில் ஏறாது. யார், எங்கே, என்ன சாமான், என்ன விலை, எத்தனை மணிவரை: இதைத் தெளிவான எழுத்தில், சொந்த முகவரியில் வைத்திருப்பவன் பெயரை அது எடுத்துச் சொல்ல வாய்ப்பு அதிகம். மெய்க்கீர்த்தியை வெட்டிவிட்டால் கல்வெட்டில் மிஞ்சுவது இதேதான்: கொடுத்தவர் இவர், ஆடு இத்தனை, நெய் இவ்வளவு, பொறுப்பு இன்னாருக்கு. சுவர் சொந்தமாக இருக்கட்டும், வாசகம் சுருக்கமாக இருக்கட்டும். வாட்ஸப்பும் கூகுள் வரைபடமும் அந்தச் சுவருக்கு வழிகாட்டினால் போதும்.

தம்பிக்கு இப்போது நரை கண்டுவிட்டது. இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அவனே மறுபடி போனான். இனிமேல் இயந்திரமே தேடி, பேரம் பேசி, பணமும் கட்டும் சோதனைகள் நடக்கின்றன என்றான். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏடே, மிசினே வந்து குடம் வாங்குமா?”

“வாங்கும் அண்ணாச்சி.”

“கடன் சொல்லிட்டுப் போச்சுன்னா, யார் வீட்டு வாசல்ல போய் நிக்க?”