முட்டையா, அம்மோனைட்டா?

கேள்வி: விருத்தாசலம் செராமிக் பட்டறையில் வேலை எனக்கு. அரியலூர் பக்கம் போனபோது சுருள் சுருளாக ஒரு கல் கிடைத்தது. கல்லாகிப்போன நத்தையா? கடல் இல்லாத ஊரில் இது எப்படி?

பதில்: கடல் இருந்ததம்மா! கிரெட்டேசியஸ் காலத்தில், பத்துக் கோடி ஆண்டுக்கு முன், அது உங்கள் பக்கம் வரை ஏறி வந்தது. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் பொறுக்கிய புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் ஆராய்ந்து எழுதினார். பீங்கானுக்கு முன்பே உங்கள் ஊர்ப் பெயர் லண்டன் போய்விட்டது.

கல்லுக்கு வருவோம். நத்தை ஓட்டுக்குள் அறைகள் வரிசையாக இருக்காது. அம்மோனைட்டுக்கு உண்டு. மேல் ஓடு உரிந்த இடத்தில் அந்த அறைச் சுவர்களின் விளிம்பு, கொத்தமல்லி இலை ஓரம் மாதிரி நெளிந்து தெரியும். தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது கணவாயின் சொந்தக்காரர். கோடு நெளியாமல் லேசாக வளைந்து போனால் நாட்டிலஸ்.

கேள்வி: குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாமே?

பதில்: 2020 அக்டோபரில் ஊரே திரண்டு பார்த்தது. புவியியலாளர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, அம்மோனைட் சார்ந்த உருண்டைகள் என்றார்கள். கடலடிச் சேற்றில் ஓர் ஓட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகினாலே உருண்டை தயார். முட்டை என்றால் மெல்லிய தனி ஓடும், அதில் நுண்துளைகளும் இருக்க வேண்டும். எனக்கு ஏமாற்றமே இல்லை, அம்மோனைட் என்ன மட்டமா?

கேள்வி: எலும்புப் படிவம் நாக்கில் ஒட்டும் என்கிறார்களே?

பதில்: ஒட்டும். மெருகு பூசாத பீங்கான் ஓடும் ஒட்டும்! உங்கள் ஊரில் அந்தச் சோதனை செல்லாது. லென்ஸ் வாங்குங்கள், எலும்பின் உடைந்த முனையில் உள்ளே வலைப்பின்னல் தெரியும்.

கேள்வி: வீட்டுக்கு எடுத்து வரலாமா?

பதில்: திருவக்கரையிலும் சாத்தனூரிலும் கல்மரத்தின் ஒரு சில்லைக்கூடத் தொடாதீர்கள், அவை பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள். மற்ற இடங்களில் முதலில் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். ஊர், ஓடை, எந்த மண் அடுக்கு என்று அங்கேயே எழுதுங்கள். அடுக்குத் தெரிந்தால்தான் வயது சொல்ல முடியும். பிறகு அரியலூர் அருகே வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போய், அங்குள்ளவற்றோடு உங்கள் படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.